எலைட் விளையாட்டில் 'நீல டான்யூப்' வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

நாற்கம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கமடோர் 64 கணினிக்காக ஃபயர்பேர்ட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட எலைட் விளையாட்டை வைஸ் எமுலேட்டரில் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) இயக்கி வருகிறேன். விண்வெளி நிலையத்துக்குள் கப்பலைத் தானாகவே கொண்டு சேர்க்கும் கருவியை இயக்கியதும் இளைய யோஹான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' வால்ட்ஸ் ஒலிக்கத் தொடங்கும் என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். அந்த இசையோடு சேர்ந்து வயலின் வாசித்துப் பழக வேண்டும் என்பது என் விருப்பம்.

இங்கிலாந்தில் வாங்கிய கமடோர் 64 ஒன்றை இன்றும் நல்ல நிலையில் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், அதிலிருந்து நேரடியாகப் பதிவு செய்து அனுப்பிய ஒலிக்கோப்புக்கு ஏற்ப என் வயலினைச் சுருதி சேர்த்திருக்கிறேன். ஆனால் எமுலேட்டரில் வரும் இசை அந்தச் சுருதியில் நிற்பதில்லை. வயலினை அரைக் கட்டை ஏற்றினால் வயலின் மேலே போய்விடுகிறது; ஏற்றாமல் விட்டால் கணினி மேலே நிற்கிறது. காலப்பிரமாணமும் மாறியிருக்கிறது: பதிவில் ஒரு நிமிடம் ஓடும் பகுதி எமுலேட்டரில் ஏறக்குறைய 50 நொடியில் முடிந்துவிடுகிறது. ஒலி அமைப்பில் நொடிக்கு எத்தனை முறை ஒலியை மாதிரி எடுப்பது என்ற வீதத்தை 44,100இலிருந்து 48,000க்கு மாற்றிப் பார்த்தேன், ஒலித் தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடையகத்தின் அளவையும் கூட்டிப் பார்த்தேன், இரண்டாலும் பயனில்லை.

இதோடு இன்னொரு சந்தேகமும் உண்டு. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய கணினியில் மேனிக் மைனர் என்ற விளையாட்டை ஆடும்போது பின்னணியில் வரும் கிரீகின் 'மலையரசனின் மாளிகையில்' துண்டு துண்டாக, டக் டக்கென்று வெட்டுப்பட்டு ஒலிக்கிறது. அதே விளையாட்டின் முகப்புத் திரையில் வரும் 'நீல டான்யூப்' அப்படி வெட்டுப்படுவதில்லை. இது எமுலேட்டரின் கோளாறா?

சில்லுப்பெட்டி எழுதியது:

வைஸ் அமைப்புகளில் சிட் ஒலிச் சில்லின் மாதிரி 6581 என்று இருந்தால் 8580 என்று மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்று பலரும் சொல்வதுண்டு.

பழம்பொறி எழுதியது:

சில்லு மாதிரியை மாற்றுவதால் இந்தச் சிக்கல் தீராது. 6581, 8580 ஆகிய இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு வடிப்பானிலும் ஒலியின் நிறத்திலும்தான் இருக்கிறது. சுருதியைத் தீர்மானிப்பது சில்லுக்குக் கொடுக்கப்படும் கடிகாரத் துடிப்பு. உங்கள் எமுலேட்டர் அமெரிக்கக் கமடோராக, அதாவது அந்நாட்டுத் தொலைக்காட்சித் தரமான என்டிஎஸ்சி முறையில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். நண்பரின் இயந்திரம் இங்கிலாந்தில் வாங்கியது என்பதால் அது அங்கே அன்றிருந்த தொலைக்காட்சித் தரமான பிஏஎல் முறையைச் சேர்ந்தது.

நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு அளவுகளே இதற்குச் சான்று. மாதிரி வீதம் பிசகியிருந்தால் வேகமும் சுருதியும் ஒரே விகிதத்தில் ஏறியிருக்கும்: 44,100க்குப் பதிவான ஒலியை 48,000இல் ஓட்டினால் இரண்டுமே சுமார் 9 விழுக்காடு கூடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். உங்களுக்கோ வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருக்கிறது, சுருதி அரைச்சுரம்கூட முழுதாக ஏறவில்லை. இப்படி இரண்டும் வெவ்வேறு விகிதத்தில் ஏற வேண்டுமானால் அவற்றுக்கு வெவ்வேறு காரணங்கள் இருந்தாக வேண்டும்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். அக்கால விளையாட்டுகள் பெரும்பாலும் திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது இசை நிரலை ஒருமுறை அழைத்தன. பிஏஎல் கமடோரில் திரை நொடிக்குச் சுமார் 50 முறையும் என்டிஎஸ்சி கமடோரில் சுமார் 60 முறையும் புதுப்பிக்கப்படுவதால், நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமலேயே இசை ஓட்டம் பிடிக்கிறது. துல்லியமாகச் சொன்னால் 50.12, 59.83 என்ற எண்கள். அவற்றின்படி 60 நொடிப் பகுதி 50 நொடியைச் சற்றே தாண்டி முடிய வேண்டும், நீங்கள் சொன்னதும் அதுவே.

சுருதி வேறு வழியில் ஏறுகிறது. சிட் சில்லில் ஒவ்வொரு குரலுக்கும் 16 பிட் எண் ஒன்றை எழுதுகிறோம். அந்த எண்ணைக் கடிகாரத் துடிப்பால் பெருக்கி 1,67,77,216ஆல் வகுத்தால் கிடைப்பதே ஒலியின் அதிர்வெண். பிஏஎல் இயந்திரத்தின் துடிப்பு நொடிக்கு 9,85,248. என்டிஎஸ்சி இயந்திரத்தின் துடிப்பு 10,22,727. பிஏஎல் இயந்திரத்தில் 440 ஹெர்ட்ஸ் தருவதற்காக 7492 என்ற எண்ணை எழுதியிருந்தால், அதே எண் அமெரிக்க இயந்திரத்தில் 456.7 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். இந்த ஏற்றம் 65 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. வயலினை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் சேராமல் நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

அமைப்புகளில் இயந்திர மாதிரி என்ற பகுதிக்குச் சென்று, அங்கே எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வைஸ் இயல்பாகப் பிஏஎல் முறையில்தான் திறக்கும் என்பதால், யாரோ அதை மாற்றி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விண்கலம் நிலையத்தை அடையும் காட்சிக்கு இந்த வால்ட்ஸைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த விண்வெளிப் படத்தில் இதே இசை இதே போன்ற காட்சிக்கு வருவதை நினைவூட்டத்தான் அது. பிபிசி மைக்ரோ கணினியில் 1984இல் வந்த மூல எலைட்டில் இந்த இசை கிடையாது. சுழலும் நிலையத்தின் வாயிலில் கையாலேயே கப்பலை நுழைக்கத் தெரிந்தவர்கள்கூட, கமடோரில் இந்த இசைக்காகவே 1500 கிரெடிட் கொடுத்து அந்தக் கருவியை வாங்கலாம் என்பது என் கருத்து.

நாற்கம்பி எழுதியது:

மிக்க நன்றி, பழம்பொறி ஐயா. இயந்திர மாதிரியில் நீங்கள் சொன்னபடி என்டிஎஸ்சிதான் தேர்வாகியிருந்தது. எமுலேட்டரையும் விளையாட்டுகளையும் ஒன்றாகக் கட்டி, அமைப்புகளை எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்த தொகுப்பு ஒன்றை இறக்கிக்கொண்டேன். அந்த அமைப்பு அதனுடனேயே வந்திருக்கிறது. பிஏஎல் மாதிரிக்கு மாற்றி விளையாட்டை மீண்டும் ஏற்றியதும் நண்பரின் பதிவும் எமுலேட்டரும் ஒன்றாக ஓடுகின்றன, வயலினும் சேர்ந்துவிட்டது. சில்லுப்பெட்டி சொன்னதையும் சோதித்தேன்: 8580இல் ஒலி சற்று வேறாகக் கேட்கிறது, சுருதி மாறவில்லை.

மேனிக் மைனர் பற்றியும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். ஒலி மெல்லியதாக இருப்பதால், எமுலேட்டரில் 128கே நினைவகம் கொண்ட ஸ்பெக்ட்ரத்தைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக ஒலிக்குமா என்றும் அறிய விரும்புகிறேன்.

ஒற்றைப்பிட் எழுதியது:

எமுலேட்டரில் கோளாறு எதுவும் இல்லை. 1983இல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்து விளையாடியவர்களும் அந்த இசையை இப்படித்தான் கேட்டார்கள். 48கே ஸ்பெக்ட்ரத்தில் சிட் போன்ற ஒலிச் சில்லு கிடையாது. இருப்பது ஒரு சிறிய ஒலிபெருக்கியும், அதை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் 254ஆம் வாயிலில் (செயலி வெளிக்கருவிகளோடு பேசும் வழியில்) உள்ள ஒரே ஒரு பிட்டும்தான். சுரம் எழுப்ப வேண்டுமானால் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலியே அந்தப் பிட்டைச் சரியான இடைவெளியில் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும், அந்த நேரத்தில் அது வேறு வேலை எதையும் பார்க்க முடியாது. நீங்கள் கேட்ட இரண்டு இசைகளுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதிலிருந்தே வருகிறது.

முகப்புத் திரையில் செயலிக்கு வேறு வேலை இல்லை. இந்த விளையாட்டை எழுதிய மாத்யூ ஸ்மித் அங்கே 'நீல டான்யூப்' இசையை 95 சுரத் தொகுதிகளாக எழுதியிருக்கிறார். தொகுதி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். முதல் பைட் சுரத்தின் நீளம், மற்ற இரண்டும் அதிர்வெண்கள். இரண்டு எண்ணிகள் அந்த அதிர்வெண்களில் தனித்தனியே குறைந்து, பூஜ்யத்தைத் தொடும் போதெல்லாம் ஒரே பிட்டைப் புரட்டுவதால், ஒற்றை ஒலிபெருக்கியில் இரண்டு குரல்கள் கேட்பது போன்ற மயக்கம் உண்டாகிறது. திரையின் கீழே வரைந்திருக்கும் பியானோவைக் கவனியுங்கள்: ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த இரண்டு பைட்டுகளுக்கு உரிய கட்டைகள் நிறம் மாறும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் என்டர் விசை அழுத்தப்பட்டதா என்று பார்ப்பதைத் தவிர அங்கே பெரிய இடையூறு இல்லாததால் இசை தொடர்ச்சியாக வருகிறது.

விளையாட்டு தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. சுரங்கத் தொழிலாளி வில்லியையும் காவலர்களையும் நகர்த்தி, மோதல்களைச் சோதித்து, திரையை வரைந்து முடித்த பிறகு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு துளி நேரம்தான் இசைக்கு ஒதுக்கப்படுகிறது. அந்தத் துளியில் ஒரு சுரம் ஒலித்து நின்றுவிடும். அடுத்த சுற்றின் வரைதல் வேலைகள் முடியும்வரை மௌனம். நீங்கள் கேட்கும் வெட்டு இந்த மௌனமே. கிரீகின் இசைக்கு மொத்தம் 64 பைட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் ஒலித்து, முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். மூல இசையின் உயிரே அது மெதுவாகத் தொடங்கி வெறிபிடித்தது போல் வேகமெடுப்பதில் இருக்கிறது. இங்கே அந்த வேக ஏற்றம் இல்லை. ஆனாலும் விளையாட்டின் நடுவே இசை ஒலிப்பதே ஸ்பெக்ட்ரத்தில் அன்று புதுமை. காதுக்குச் சலித்தால் எச் முதல் என்டர் வரையுள்ள வரிசையில் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி நிறுத்திவிடலாம், மீண்டும் அழுத்தினால் வரும்.

128கே மாதிரியைத் தேர்ந்தெடுப்பதால் பயன் இல்லை. அதில் மூன்று குரல்கள் கொண்ட ஏஒய்-3-8912 சில்லு இருப்பது உண்மைதான், ஆனால் மேனிக் மைனர் 48கே இயந்திரத்துக்காக எழுதப்பட்டது. அது பழைய 254ஆம் வாயிலோடு மட்டுமே பேசும், புதிய சில்லு சும்மா இருக்கும்.

நாற்கம்பி எழுதியது:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி. கடைசியாக ஒரு கேள்வி: இந்தக் கிரீகின் இசையோடும் வயலின் வாசிக்க முடியுமா? முயன்றபோது விளையாட்டின் ஒரு குகையில், அதாவது ஒரு கட்டத்தில், பொருந்தும் காலப்பிரமாணம் அடுத்த குகையில் பொருந்தவில்லை.

ஒற்றைப்பிட் எழுதியது:

மேனிக் மைனரின் சுற்று திரைப் புதுப்பிப்போடு கட்டப்படவில்லை. நிரல் தொடக்கத்திலேயே, திரைப் புதுப்பிப்பின்போது செயலிக்கு வரும் குறுக்கீடுகளை நிறுத்திவிட்டு, ஒரு சுற்று முடிந்ததும் உடனே அடுத்ததைத் தொடங்குகிறது. நகர்த்தி வரைய வேண்டியவை அதிகமுள்ள குகையில் சுற்று நீளும், சுற்று நீண்டால் தாளமும் தளரும். எனவே 20 குகைகளுக்கும் ஒரே மெட்ரோனோம் வைத்து வாசிக்க முடியாது. ஒரு குகையைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பழகிக்கொள்வதே வழி.

சுருதியிலும் முழு ஒற்றுமையை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே சுரத்தைத் தீர்மானிப்பது 8 பிட் எண்ணி, அது முழு எண்களில்தான் நகரும். எண்ணியில் 100 இருக்கும்போது அதை 101 ஆக்கினால் சுருதி 17 சென்ட் இறங்கும், 20 இருக்கும்போது 21 ஆக்கினால் 84 சென்ட் இறங்கிவிடும். மேல் ஸ்தாயியில் நடுவில் வர வேண்டிய சுரத்துக்கு இடமே இருக்காது, பக்கத்தில் கிடைக்கும் எண்ணோடு சமாளிக்க வேண்டியதுதான். ஸ்மித் அடுத்து எழுதிய ஜெட் செட் வில்லியின் முகப்பில் பேத்தோவனின் நிலவொளி சொனாட்டா வருகிறது. இயந்திரமும் ஒற்றைப் பிட்டும் அதேதான் என்பதால் அங்கும் இந்த வரம்பு உண்டு. வயலினில் விரலைச் சற்று நகர்த்தி அந்தந்தச் சுரத்தோடு ஒட்டிப் போகலாம் என்பது உங்களுக்கு உள்ள வசதி, பியானோக்காரர்களுக்கு அதுவும் இல்லை.

ஸ்பெக்ட்ரத்துக்கான ஃப்யூஸ் எமுலேட்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால், ஒலி அமைப்பில் ஒலிபெருக்கி வகை என்ற இடத்தில் தொலைக்காட்சி ஒலிபெருக்கி, பீப்பர், வடிகட்டாதது என மூன்று தேர்வுகள் இருக்கும். வயலினோடு வாசிக்கும்போது வடிகட்டாததைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; சதுர அலையின் கூர்மை முழுவதும் அப்படியே வந்து காதைக் குத்தும். முதலில் தொலைக்காட்சி ஒலிபெருக்கியை வைத்துப் பாருங்கள்.