குடிப்பது அவர், கவுன்சலிங்குக்கு நான் எதற்கு?

திருப்பூர் மருமகள்:
கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு ராத்திரி வரை குடிதான். இப்போது அவராகவே டி-அடிக்‌ஷன் சென்டரில் சேர்ந்து வந்திருக்கிறார். இனி இரண்டு பேரும் சேர்ந்து வரவேண்டும் என்கிறார் கவுன்சலர். "நீ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியார் ஏற்கெனவே சொல்கிறார். அங்கேயும் என் தலையில்தான் கட்டுவார்களா?

மதுரை அக்கா:
போய்ப் பார் தங்கச்சி. எங்கள் கவுன்சலர் முதல் நாளே, குடிக்கு மனைவி காரணம் இல்லை என்று என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே சொன்னார். அப்புறம் ஒரு ஒப்பந்தம். காலையில் அவர் "இன்னிக்குக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லி, டைசல்ஃபிராம் மாத்திரையை (அதைப் போட்டால் குடி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது) என் முன்னால் போடவேண்டும். நான் நன்றி சொல்லி, காலண்டரில் டிக் அடிக்கவேண்டும். அதோடு சரி. பழைய குடிக் கதையை நான் வீட்டில் எடுக்கக் கூடாது, அதெல்லாம் கவுன்சலர் முன்னால்தான். எனக்கோ நாக்கு நமநமவென்று இருக்கும்! அவர் செய்யும் நல்லதை நோட்டில் எழுதச் சொன்னார்கள். "தண்ணி பிடித்து வைத்தார்" என்று வேண்டாவெறுப்பாக எழுதினேன். அவர் நோட்டில் என் ரசத்தைப் பற்றி எழுதியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன்!

சமூகப் பணியாளர்:
அக்கா சொல்வது அமெரிக்காவில் டிமோதி ஓ'ஃபேரல், பார்பரா மெக்ரேடி போன்றவர்கள் வளர்த்த தம்பதி சிகிச்சை. குடியால் சண்டை, சண்டையால் மறுபடி குடி என்று போவதை உடைக்கத்தான் இருவரையும் உட்காரவைக்கிறோம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே குடிநோய் மருத்துவமனையிலும், சிகிச்சையில் குடும்பத்துக்கு இடம் உண்டு.
ஒன்று கேட்கிறேன், அடிப்பாரா? அடி பலமாக இருந்தால் சேர்ந்து உட்காரவேண்டாம், கவுன்சலரிடம் தனியாகச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. அந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் வேலையும் வேண்டாம். அந்த மாத்திரைக்கு மேலே கொஞ்சம் மது குடித்தாலும் வாந்தி வரும், பிரஷர் இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

திருப்பூர் மருமகள்:
அடி இல்லை, வாய்தான். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

மதுரை அக்கா:
முதல் தடவையே வேண்டாம்மா. நீங்கள் இருவரும் பேசிப் பழகிய பிறகு கவுன்சலரே கூப்பிடட்டும். அவர் சொன்னால்தான் மாமியார் காதில் ஏறும்.