‘சர்வைலன்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அஸ்தம்பட்டியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். ஏற்காட்டு மலையூர்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிரோசிஸ் வந்து ஈரல் தழும்பேறியவர்களும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று நாள்பட்டு உள்ளவர்களில் ஆபத்து கூடியவர்களும் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோதே 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே ஏஎஃப்பி (ஈரல் புற்றில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்வதுண்டு. ஈரலில் புற்று வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதற்காக. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘சர்வைலன்ஸ்’ என்கிறார்கள். தமிழில் ‘கண்காணிப்பு’ என்று எழுதினேன். காவல்துறை வாடை அடிக்கிறது என்கிறார் செவிலியர்.

ஆத்தூரிலிருந்து:
ஐயா, ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்’ என்பது குறள். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்ற வரிசையில் எதிர்வு வரப்போவது. ‘எதிர்காப்பு’ என்று வையுங்கள். 2021இல் நம் வாழப்பாடியில் தொடங்கிய ‘வருமுன் காப்போம்’ திட்டத்தின் பெயரும் இந்த வழிதானே?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
காப்பு என்றால் தடுப்பு என்றுதான் படிப்பார்கள். தடுப்பது குழந்தை பிறந்ததும் போடும் ஹெபடைடிஸ் பி ஊசி. ஸ்கேன் எதையும் தடுக்காது. அறுவையோ மாற்று ஈரலோ பயன்தரும் கட்டத்தில் கட்டியைக் காட்டும். நாணயத்தைச் சோதித்துத் தரம் சொன்னவர் நோட்டக்காரர். ஆகவே ‘தொடர்நோட்டம்’. கன்னடத்தில் இன்றும் ‘நோடு’ என்றால் பார்.

ஆத்தூரிலிருந்து:
கன்னடத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நோக்கு நம்மிடமே இருக்கிறது. அதோடு, இன்று நோட்டம் விடுகிறவன் திருடன்.

ஏற்காட்டிலிருந்து, செவிலியர்:
வேர் எதுவானாலும் சரிங்க ஐயா. ஒருமுறை ஸ்கேன் நன்றாக இருந்தால், ‘ஒண்ணுமில்லைன்னுட்டாங்க’ என்று அப்புறம் வருவதே இல்லை. 1 செ.மீ.க்குக் குறைந்த முடிச்சு தெரிந்தால் 3 மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்; அதற்கு மேல் என்றால் சிடி அல்லது எம்ஆர்ஐ. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிறவருக்கு, திரும்ப வரணும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். ‘ஆறுமாத ஈரல் ஸ்கேன்’ என்று போடுங்கள்.

ஓமலூரிலிருந்து:
அம்மா சொல்வதற்கே என் ஓட்டு. ‘அரையாண்டு’ வேண்டாம், பள்ளிப் பரீட்சை ஞாபகம் வரும்.

அஸ்தம்பட்டியிலிருந்து:
சரி, துண்டறிக்கையில் ‘ஆறுமாத ஈரல் ஸ்கேன்’ என்றே போகட்டும். ஆத்தூர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
துண்டறிக்கைக்குச் சரி. மருத்துவ மாணவருக்குப் பாடம் எழுதும்போது என்ன செய்வீர்கள்? ஏஎஃப்பி ஸ்கேனுக்குள் அடங்காது, 3 மாத மறுபார்வை ஆறுமாதத்துக்குள் அடங்காது. தொடர்நோட்டத்தை நான் விடுவதாக இல்லை.