ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்டு பிசி: வலையில் பறக்கும்போது மட்டும் பிரேம் விழுது, ரேமா ப்ராசசரா?

வணக்கம் நண்பர்களே. இந்த கேம் ஓடுற என் செட்டப்: ரைசன் 5 3600 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ரேம் 16 ஜிபி ஒரே ஸ்டிக், பி450 மதர்போர்டு, 1080பி மானிட்டர்.

கூரைமேல நின்னு சண்டை போட்டா நொடிக்கு 70 பிரேம் வருது. டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் தாழ்வா, வேகமா ஊசலாடினா 42க்கு இறங்கி, ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு வெட்டு (படம் ஒரு கணம் நின்னு போகுது). ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பயன்பாடு அப்போ 60 சதவீதம்தான். ரெசல்யூஷனை 720பி ஆக்கியும் பிரேம் அசையல. அதனால டிஎல்எஸ்எஸ் (குறைஞ்ச ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்குற வசதி) போடச் சொல்லாதீங்க, அது கார்டு சுமையைத்தான் குறைக்கும். இங்க திணறுறது ப்ராசசர் பக்கம்.

ரே டிரேசிங் (ஒளி போற பாதையைக் கணக்கிட்டு வரையறது) பிரதிபலிப்பை அணைச்சா 60 தாண்டுது. ஆனா கண்ணாடிக் கட்டடத்துல எதிர்த் தெரு தெரியற அழகே போயிடுது, மனசு வரல. ஆப்ஜெக்ட் ரேஞ்சை (பிரதிபலிப்புல எவ்வளவு தூரப் பொருள் வரை தெரியணும்ங்கிற அமைப்பு) 10ல இருந்து 6க்கு இறக்கினதுல கொஞ்சம் பலன். எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற அமைப்பு) ஆன்ல இருக்கு, ரேம் 3200 வேகத்துலதான் ஓடுது.

இப்போ கேள்வி: இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (ரெண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஒரே நேரத்துல டேட்டா தர்றது) ஆக்கினா இந்த வெட்டு குறையுமா? இல்ல பயாஸ் (மதர்போர்டோட அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணி நேரா ரைசன் 7 5700எக்ஸ்3டி ப்ராசசருக்கு மாறணுமா? இதே ப்ராசசர்ல டூயல் சேனல் வெச்சிருக்கவங்க, அதே தெருவுல ரே டிரேசிங்கோட எவ்வளவு வருதுன்னு சொன்னா போதும்.