பதில்: எண்ணாக இல்லாத 'அடையாள எண்'

அன்புள்ள நண்பர்களே,

ஃபிளாஸ்க்-பைமாங்கோ (பைதான் இணையச் செயலியை மாங்கோ தரவுத்தளத்தோடு இணைக்கும் நூலகம்) ஆவணத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் 'ஐடி'க்கு (identifier) தமிழில் என்ன சொல்வது என்ற ஒரே கேள்வியால் எல்லாம் நிற்கிறது. வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> பான் எண்ணின் பத்து இடங்களில் ஆறு எழுத்துகள். மக்கள் 'எண்' என்றுதான் சொல்கிறார்கள். வண்டிப் பதிவெண்ணும் அப்படியே. 'அடையாள எண்' போதும்.

படிவத்துக்குப் போதும், நமக்குப் போதாது ஐயா. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஐடி பெரும்பாலும் முழு எண். மாங்கோவில் ஆப்ஜெக்ட்ஐடி என்ற 12 பைட் ஐடி. அது இணைய முகவரியில் 24 பதினறும (0-9, ஏ-எஃப்) எழுத்துகளாக வரும். யூயுஐடி (UUID) என்ற இன்னொரு வகை ஐடி என்றால் சிறுகோடுகளோடு 36 எழுத்துகள். முகவரியில் வந்த சரத்தை (எழுத்துத் தொடரை) ஆப்ஜெக்ட்ஐடியாக மாற்றித் தர இந்த நூலகத்தில் ஒரு மாற்றி இருக்கிறது. வடிவம் பொருந்தாவிட்டால் 404 ('பக்கம் இல்லை' என்ற பிழை) கொடுத்துவிடும். 'அடையாள எண்' என்று வைத்தால் அந்தப் பத்தி இப்படி வருகிறது: "அடையாள எண் வெறும் எண்ணாக இருந்தால் ஏற்கப்படாது." மாணவர் எதைப் புரிந்துகொள்வார்?

> பதினறுமமும் எண்முறைதானே? ஏ முதல் எஃப் வரை அங்கே இலக்கங்கள்தாம்.

கணக்குப்படி சரி. ஆனால் அடையாளத்தை யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை. 64 பிட் முழு எண்ணைக்கூட ஜாவாஸ்கிரிப்டுக்குச் சரமாக அனுப்புவதுதான் பாதுகாப்பு. 9007199254740991-ஐத் தாண்டினால் கடைசி இலக்கம் பிசகலாம்.

> இலங்கையில் அடையாள அட்டை இலக்கம் முன்பு ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் 12 இலக்கம். இரண்டையுமே 'இலக்கம்' என்கிறோம்.

அருமையான எடுத்துக்காட்டு. இரண்டு வடிவத்தையும் ஏற்கிற நிரல் எழுதியவருக்கு நம் சிக்கல் உடனே புரியும். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இலக்கம் என்பது ஒற்றை எண்ணுரு. மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

> தொல்காப்பியர் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறார். 'சுட்டு' என்றே வைக்கலாமே?

சுட்டு எனக்கும் பிடித்த சொல். ஆனால் இலக்கணச் சுட்டு பேசுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும்: எனக்கு 'இது', உங்களுக்கு 'அது'. தரவுத்தள அடையாளம் யார் எங்கிருந்து கேட்டாலும் மாறக் கூடாது. 'சுட்டி' வேறு ஏற்கெனவே பாயின்டருக்கும் மவுஸுக்கும் போய்விட்டது.

'அடையாளங்காட்டி' பிழையில்லாத சொல். தலைப்பில் "அடையாளங்காட்டி வடிவ மாற்றி" என்று வரும்போதுதான் மூச்சு வாங்குகிறது. என் வாக்கு 'அடையாளக்குறி'க்கு. முழு எண்ணாக இருக்கும் இடத்தில் மட்டும் 'அடையாள எண்'. ஆப்ஜெக்ட்ஐடி, யூயுஐடி நிரலில் தட்டச்சு செய்ய வேண்டியவை, அப்படியே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்.

இதற்குப் பின் வந்த பதில்கள்:

> 'அடையாளக்குறி'க்கு எனக்கும் சம்மதம். வேலை நகரட்டும்.

> எனக்கும் சரி.

> பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். வகுப்பில் அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாம் ஒரே பாடத்தில் வருகின்றன. "மேற்கோள்குறிக்குள் அடையாளக்குறியை இடுக" என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். நான் 'ஐடி' என்றே நடத்துவேன்.