பச்சையா (என்விடியா) சிவப்பா (ஏஎம்டி) நீலமா (இன்டெல்): கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போனப்ப உங்களுக்கு என்ன நடந்துச்சு?

ராத்திரி ஷிஃப்ட்

போன சனிக்கிழமை நடந்தது, இன்னும் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு, அதான் எழுதறேன். என்னோடது என்விடியா 1060 6 ஜிபி, 2016 மாடல், ஃபேன் அம்மிக்கல்லு மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சுடுச்சு, இனி தாங்காதுன்னு 450 வெள்ளி ஒதுக்கி வெச்சுட்டு சிம் லிம் ஸ்கொயர் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தொகுதிக்குப் போனேன். இன்டெல் பி580தான்னு முடிவு பண்ணிட்டேதான் போனேன், ரெண்டு வாரமா ரிவ்யூ பாத்து கண்ணு பூத்துப்போச்சு, வந்தப்ப அமெரிக்க வெல 249 டாலருக்கு 12 ஜிபி மெமரி, என்விடியா 4060னா 299 டாலருக்கு 8 ஜிபி, இதுல யோசிக்க என்ன இருக்குன்னு.

கடையில ஒரு சீன அங்கிள், அறுவது வயசு இருக்கும், கண்ணாடிய நெத்தியில ஏத்திவிட்டுட்டு பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. பெட்டிய எடுத்து கவுண்டர்ல வெச்சாரு, நான் பேநவ் பண்ண போன எடுத்துட்டேன். அப்பதான் கேட்டாரு, "உன் சிபியு என்ன?" ரைசன் 5 2600ன்னு என் பழைய பிராசசர் பேர சொன்னேன். ஒண்ணுமே பேசல. பெட்டிய எடுத்தாரு, திரும்பினாரு, ஷெல்ஃபுல அதே எடத்துல லேபிள் முன்னால தெரியற மாதிரி நேரா நகர்த்தி வெச்சாரு. "கெனாட் லா"ன்னு சொல்லிட்டு மறுபடி கரண்டிய எடுத்துட்டாரு.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. சிம் லிம்னாலே 2014ல கடைக்காரன்கிட்ட ஏமாந்துட்டு அந்தச் சுற்றுப்பயணி மண்டி போட்டு அழுத வீடியோதானே நமக்கு ஞாபகம் வரும், வெல கூடின எதையோ தலையில கட்டப் பாக்கறாருன்னு நெனச்சு கெளம்பி வந்துட்டேன். ரோச்சோர் ஸ்டேஷன்ல எஸ்கலேட்டர்ல இறங்கிக்கிட்டே தேடிப் பாத்தா அவரு சொன்னது நெசம். பி580 டிரைவர், அதாவது கார்ட ஓட்டற சாஃப்ட்வேர், சிபியுவ போட்டு பிழியுது, மொத ரிவ்யூ எல்லாம் வேகமான சிபியுல எடுத்தது, 2600 மாதிரி பழசுல போட்டா பல கேம்ல 4060க்குப் பின்னால போயிடுதுன்னு 2025 ஜனவரியிலயே டெஸ்ட் பண்ணிப் போட்டிருக்காங்க. ரீசைசபிள் பார்னு, கார்டு மெமரி மொத்தத்தையும் சிபியு ஒரே வீச்சுல எட்ட விடற செட்டிங் வேற ஆன் ஆகியிருக்கணும். அப்பதான் ஒறச்சுது, அந்த மனுஷன் எனக்கு வேற எதையும் விக்கவே பாக்கல. வந்த காச வேணாம்னுட்டு சோறு சாப்பிட்டாரு. நான்தான் ஒரு தேங்ஸ் கூட சொல்லாம மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு வந்திருக்கேன்.

எட்டு ஜிபி ஏமாளி

வயித்தெரிச்சலா இருக்கு, என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே. எந்தக் கம்பெனின்னு சொல்லமாட்டேன், சொன்னா இங்க ரத்த ஆறு ஓடும். 8 ஜிபி கார்டு, வாங்கி ஆறு மாசம் கூட ஆகல. ஒரு புது கேம், ஒரு பாழடைஞ்ச வீட்டுக்குள்ள போறேன், சுவத்துல போஸ்டர், என்ன எழுதியிருக்குன்னு கிட்டப் போய் பாத்தா மொத்த சுவரும் நனைஞ்ச டிஷ்யூ பேப்பர் மாதிரி கொழகொழன்னு நிக்குது. நிக்கறேன், பத்து செகண்டு, இருவது செகண்டு, எழுத்து வரவே இல்ல. மூலையில ஃபிரேம் கவுண்டர் மட்டும் ஜம்முனு 70 காட்டுது. பின்னாலேருந்து என் தங்கச்சி, "அண்ணே, உனக்கு கண்ணு செக் பண்ணணுமா இல்ல கேமுக்கா?"

ரிவ்யூல பார் சார்ட் போடறாங்கல்ல, அதுல இந்தச் சுவரு வராது. அந்த 70தான் வரும். அதுக்கப்புறம் நான் சார்ட்ட நம்பறதே இல்ல.

கோப்பி ஓ

ரெண்டு பேருமே கார்டு மேல பழி போடறீங்க. டெக்ஸ்சர் (சுவரு, தரை மேல ஒட்டற படம்) தரத்த ஒரு படி எறக்கினா அந்தப் போஸ்டர் வந்திருக்கும். ஜிபிய மட்டும் பாத்து கார்டு வாங்கறது டாங்க் பெருசா இருக்குன்னு பைக் வாங்கற மாதிரி. 4060 டிஐ வந்தப்ப 8 ஜிபி 399 டாலர், 16 ஜிபி 499 டாலர், அதே சிப், மெமரிக்குப் போற பாதையும் அதே 128 பிட், நூறு டாலர் எதுக்கு அழணும்? இன்னொண்ணு, டிஎல்எஸ்எஸ்னு, சின்னப் படத்த ஏஐ வெச்சுப் பெருசாக்கற என்விடியா வித்தை, அதோட புது மாடல் 2018ல வந்த 2080 வரைக்கும் ஓடுது. ஏஎம்டி அதே மாதிரி எஃப்எஸ்ஆர் 4 கொண்டு வந்தப்ப 9000 சீரிஸ் மட்டும்தான்னுட்டாங்க. அதுக்கு முந்தின சீரிஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் வாங்கினவன் 999 டாலர் கார்ட வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தான். பச்சைக்காரன் வெலய ஏத்துவான்தான், ஆனா கூட குடுத்த காசுக்கு வருஷக்கணக்கா ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும்.

என் கதை சின்னது. செகண்ட் ஹேண்ட் ஆப்ல ஏஎம்டியோட பழைய 580 ஒண்ணு (இன்டெல் பி580 இல்ல), உட்லண்ட்ஸ் ஸ்டேஷன் கேட்டுக்கு உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அவன், கம்பி மேலயே கைமாத்தினோம், ரெண்டு பேருக்கும் இன்னொரு தடவ கார்டு தட்டற காசு மிச்சம். தேசிய சேவை யூனிஃபார்ம்ல இருந்தான், பாவம்னு பேரம் கூட பேசல. வீட்டுக்கு வந்து கார்டோட விவரம் காட்டற ஜிபியு-இசட்ல பாத்தா ஷேடர், அதான் கணக்குப் போடற சின்ன கோருங்க, 2048. நெஜமான 580க்கு 2304 இருக்கணும். சீனச் சந்தைக்குன்னு 2018ல வந்த வெர்ஷன். மெசேஜ் பண்றேன், ஒத்த டிக். அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு "தேங்யூ அங்கிள்"ன்னான் பாருங்க, எனக்கு அப்ப 29 வயசு, அந்த அங்கிள்தான் இன்னும் குத்துது, ஷேடர் கூட இல்ல.

எட்டு ஜிபி ஏமாளி

டெக்ஸ்சர் மீடியத்துலதான் இருந்துச்சு ப்ரோ. மீடியம்.

லினக்ஸ் மாமா

தம்பிங்களா, செயல்திறன் வெல எல்லாம் வாங்கற அன்னைக்கு ஒரு நாள் பேச்சு, டிரைவர்தான் கூடவே குடித்தனம் நடத்தறது. எனக்கு நடந்தது ரெண்டு வருஷம் முன்னாடி தீபாவளி. வீடு நெறைய ஆளு, அண்ணன் பசங்க புது கார்ட ஓட்டிக் காட்டச் சொல்லி நச்சரிக்க, பெரிய டிவியில போட்டேன். கார் ரேஸ், மொத வளைவு, ஸ்கிரீன் கருப்பு. அத்தை அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து "கரண்டு போயிடுச்சாப்பா"ன்னு கேக்கறாங்க, தலைக்கு மேல ஃபேன் சுத்துது. அதுலேருந்து மூணு வாரம் டிரைவர் எழுதினவன் பரம்பரையே திட்டினேன். கடைசியில பாத்தா நான் பவர் சப்ளைலேருந்து ஒரே கேபிள், அதுல ரெண்டு தலை, அதையே கார்டோட ரெண்டு சாக்கெட்லயும் குத்தி வெச்சிருக்கேன். தனித்தனி கேபிள் போட்டேன், நின்னுடுச்சு. கம்பெனி பேர சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல.

அதனால சொல்றேன், திட்டறதுக்கு முன்னாடி பாருங்க. ஸ்கிரீன் ரெண்டு செகண்டு உறைஞ்சு கருப்பாகி கேம் மட்டும் செத்து டெஸ்க்டாப் திரும்பி வந்தா அது டிரைவர் பக்கம், விண்டோஸ் ரெண்டு செகண்டு பதில் இல்லன்னா தானே டிரைவர ரீசெட் பண்ணும். மொத்த மெஷினும் பொத்துன்னு ரீஸ்டார்ட் ஆனா மொதல்ல பவர் சப்ளையப் பாருங்க, கேபிளப் பாருங்க. கம்பெனி மாத்தறீங்கன்னா பழைய டிரைவர் மேலயே புதுச போடாதீங்க. புது டிரைவர மொதல்லயே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கங்க, நெட்டு கேபிள புடுங்குங்க, இல்லன்னா விண்டோஸ் அப்டேட் முந்திக்கிட்டு எதையாவது போட்டு வெச்சுடும், சேஃப் மோட்ல போங்க, பழைய டிரைவர சுத்தமா துடைக்கற டிடியு ஓட்டுங்க, ரீஸ்டார்ட், அப்புறம் புதுசு. டிரைவர் வந்த அன்னைக்கே போடறது கியாசு புத்தி, எங்க விட்டுப் போயிடுமோங்கற பயம், ஒரு வாரம் மத்தவன் போட்டுப் பாக்கட்டும். 2025 ஆரம்பத்துல 50 சீரிஸ்ல கருப்பு ஸ்கிரீன் பிரச்சினைய என்விடியாவே ஒத்துக்கிட்டு பேட்ச் மேல பேட்ச் விட்டுச்சு. 2023 அக்டோபர்ல ஏஎம்டி டிரைவர்ல ஆன்டி-லாக் பிளஸ்னு ஒண்ணு வர, அத ஆன் பண்ணினவன எல்லாம் கவுன்டர் ஸ்டிரைக் 2 ஏமாத்துக்காரன்னு பேன் பண்ணிடுச்சு, அப்புறம் அத எடுத்தாங்க. இன்டெல் 2022ல வந்தப்ப டைரக்ட்எக்ஸ் 9 கேம் எல்லாம் நொண்டிச்சு, பிற்பாடு டிரைவர்லயே சரி பண்ணிக்கிட்டாங்க. ஆக மூணு பேரும் யோக்கியன் இல்ல.

லினக்ஸ்னா கணக்கே வேற. ஏஎம்டி டிரைவர் லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ளயே இருக்கு, சொருகினா ஓடும். என்விடியாவப் பத்தி 2012ல லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் மேடையிலயே விரல காட்டினது ஊருக்கே தெரியும், 2022லதான் அவங்க கெர்னல் பக்கத்து டிரைவர் கோட திறந்து விட்டாங்க. நம்ம ஊரு புழுக்கத்துக்கு வருஷத்துக்கு ஒருக்கா ஃபேன் தூசியும் தட்டுங்க.

கோப்பி ஓ

மாமா, யாரு கேட்டா இவ்வளவும்? டிரைவர் சப்போர்ட்டுன்னா எத்தன வருஷம்னு பாருங்க. இவரோட 1060 2016ல வந்தது, 2025 அக்டோபர் வரைக்கும் புது கேமுக்கு டிரைவர் வந்துச்சு. அதுக்கு ஒரு வருஷம் பின்னாடி வந்த 580ய ஏஎம்டி 2023 கடைசியிலயே ஓரமா உக்கார வெச்சுட்டாங்க, முக்கியமான அப்டேட் மட்டும்தான்னு.

லினக்ஸ் மாமா

விண்டோஸ்ல. என் வீட்ல 580 இன்னைக்கும் மேசான்னு லினக்ஸ் டிரைவர் இருக்கே, அதோட புது வெர்ஷன்ல ஓடுது. நீ வாங்கின அந்த 2048ம் ஓடும்.

ஜூரோங் அக்கா

நான் கேம் ஆடறவ இல்ல, மகளுக்காக இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சவ. பாலிடெக்னிக் மூணாம் வருஷம், பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன அனிமேஷன், காலைல ஒம்போது மணிக்கு சப்மிட் பண்ணணும். அவளோட கார்டு பழசு, புது வெர்ஷன்ல லிஸ்ட்லயே காட்டல, சிபியுலதான் ஓடிச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாக்கறேன், கீபோர்டு பக்கத்துல தலைய வெச்சுத் தூங்கறா, ஸ்கிரீன்ல 240 ஃபிரேம்ல 41. நான் என்ன செய்யறது, எனக்கு அந்த நம்பர் மட்டும்தான் புரியுது.

வாசல் லைட்டு எரியறதப் பாத்துட்டு எதிர்வீட்டு மலாய்ப் பையன் கதவத் தட்டினான், அவனும் முழிச்சுத்தான் இருந்திருக்கான் கேம் ஆடிக்கிட்டு. விஷயத்தச் சொன்னதும் போய் அவன் பிசிய, கூடவே கலர் கலரா லைட்டு, அவங்கம்மா மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போற தள்ளுவண்டியில வெச்சு, தலகாணிய கீழ போட்டு உருட்டிக்கிட்டு வரான், ராத்திரி ரெண்டரை மணிக்கு பதினோராம் மாடி காரிடர்ல. என்விடியா 3060, 12 ஜிபியாம். ஒவ்வொரு ஃபிரேமும் டக்கு டக்குன்னு வந்துச்சு. அவன் எங்க சோஃபாவுலயே தூங்கிட்டான். காலைல தோசை ஊத்திக் குடுத்து பசியாற வெச்சுத்தான் அனுப்பினேன்.

அப்புறம் கார்டு வாங்கறப்ப சிவப்புலதான் அதே காசுக்கு ஜிபி ஜாஸ்தின்னு கடையில சொன்னாங்க, அது உண்மையும் கூட. ஆனா மகளோட லெக்சரர்லேருந்து கூடப் படிக்கறவங்க வரைக்கும் எல்லாரும் குடான்னு 2007லேருந்து என்விடியா கார்டுல ஓடற ஒண்ணுலதான் வேலை பாக்கறாங்க, பிளெண்டர்ல ஏஎம்டிக்கு இப்ப இருக்கற வழி 2021 டிசம்பர்லதான் வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணு ஓடலன்னா பக்கத்துல கேக்க ஆளு வேணும்ல, அதனால பச்சைதான் வாங்கினோம். வெலயில எனக்கு இன்னும் வருத்தம்தான், அதுலயும் ஜிஎஸ்டி 9 சதவீதம் தனி.

தேக்கா பையன்

அக்கா அந்தப் பையனுக்கு தோசை பத்தாது, பிரியாணி போடணும்.

எட்டு ஜிபி ஏமாளி

தலகாணி கீழ போட்டான் பாருங்க, அவன் புரிஞ்சவன்.

கோப்பி ஓ

நான் சொன்னதத்தான் அக்காவும் சொல்றாங்க. பச்சைக்கு கூட குடுக்கற காசு அதுக்குத்தான்.

லினக்ஸ் மாமா

அவங்க வேலைக்கு வாங்கினாங்க, நீ கேம் ஆட வாங்கற. கேமுக்கு மட்டும்னா, 2025ல வந்தப்ப ஏஎம்டி 9070 எக்ஸ்டி 599 டாலர், என்விடியா 5070 டிஐ 749, ரெண்டும் 16 ஜிபி, கேமுக்கு கேம் பெருசா வித்தியாசம் இல்ல, ரே டிரேசிங் (வெளிச்சம், நிழல நெஜம் மாதிரி கணக்குப் போடறது) அதிகமா இருந்தா பச்சை கொஞ்சம் முன்னால. அந்த 150 டாலர வெச்சு நல்ல பவர் சப்ளை வாங்கு. ரெண்டு கேபிளோட.

ராத்திரி ஷிஃப்ட்

நேத்து மறுபடி போனேன். நடுவுல நடந்தது, கூட வேலை பாக்கற ஒருத்தர்கிட்டேருந்து 5600 சிபியு ஒண்ணு கெடைச்சுது, என் பி450 போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணிட்டுப் போட்டேன், எடுத்துக்கிச்சு, ரீசைசபிள் பாரும் ஆன் ஆயிடுச்சு. 5600ல கூட பி580 சில கேம்ல தடுமாறும்னு படிச்சதால அத விட்டுட்டு, கொஞ்சம் கூட காசு சேத்து ஏஎம்டி 9060 எக்ஸ்டி 16 ஜிபின்னு மனசுல வெச்சுக்கிட்டேன், 2025ல வந்தப்ப அமெரிக்க வெல 349.

ஸ்டேஷன்லேருந்து கடை வரைக்கும் ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன், அன்னைக்கு நீங்க சொன்னது சரி அங்கிள், நான் கோவப்பட்டதுக்கு சாரின்னு. கைல ரெண்டு கோப்பி வேற, ஒண்ணு அவருக்கு. பைசேயா, வெக்கமா இருந்தாலும் சொல்லிடணும்னு.

அதே கண்ணாடி, நெத்தியில. என்னப் பாத்தாரு, சுத்தமா அடையாளம் தெரியல. பெட்டிய எடுத்து கவுண்டர்ல வெச்சாரு. "உன் சிபியு என்ன?"ன்னாரு. 5600ன்னேன். "பவர் சப்ளை?" 550 வாட்டுன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சாரு, பெட்டி மேலேருந்து கைய எடுக்கல, எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. அப்புறம் கால்குலேட்டர எடுத்து நம்பர தட்டி என் பக்கம் திருப்பி வெச்சாரு. ஒத்திகை பாத்தது எதையும் நான் சொல்லல. கோப்பிய மட்டும் கவுண்டர்ல வெச்சேன், அவரு அது யாரோடதுன்னு கேட்டாரு.

எட்டு ஜிபி ஏமாளி

கால்குலேட்டர்ல எவ்வளவு காட்டுச்சு? அத சொல்லுங்க மொதல்ல.