சின்னப் படகைக் கண்டால் பயம்: ஆளில்லாப் படகு அனுபவங்களை எழுதுங்கள்

பாகான் செகண்ட் மேட்:

வெடிமருந்து ஏற்றித் தூரத்திலிருந்து ஓட்டும் உக்ரேனின் ஆளில்லாப் படகு ரஷ்யக் கப்பலின் விலாவில் போய் மோதும் காணொளிகளை இங்கே பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். அதெல்லாம் படகில் பொருத்திய கேமரா எடுத்தது. எதிரே பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நின்றவன் எதைப் பார்த்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்மில் கப்பல் வேலையில் இருப்பவர்கள், இருந்தவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. செங்கடல் பக்கம் போனவர்கள் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2024 ஜூலையில் சரக்குக் கப்பல் ஒன்றில் செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மண்டெப் வழியாகத் தெற்கே வந்துகொண்டிருந்தோம். அதற்கு முந்தைய மாதம்தான், ஜூன் 12 அன்று, ட்யூட்டர் என்ற கப்பலை யேமனின் ஹூதி கிளர்ச்சிக்காரர்கள் அடித்திருந்தார்கள். யேமனின் ஹொடைடா துறைமுகத்துக்குத் தென்மேற்கே 66 கடல் மைல் தள்ளி, 5 முதல் 7 மீட்டர் நீளமுள்ள வெள்ளைப் படகு ஒன்று கப்பலின் பின்பக்கத்தில் வந்து மோதியது. எஞ்சின் அறையில் தண்ணீர் புகுந்தது. பிலிப்பீன்ஸைச் சேர்ந்த கடலோடி ஒருவர் திரும்பவே இல்லை. சில நாளில் கப்பலும் மூழ்கியது. ஹூதிகள் வெளியிட்ட காணொளியில் அந்தப் படகில் இரண்டு உருவங்கள் உட்கார்ந்திருக்கும். பொம்மைகள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு மீனவர்கள், அவ்வளவுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மதிய வாட்ச்சில், பிரிட்ஜ் காவல் முறையில், நிற்கிறேன். வானமும் கடலும் ஒரே புழுதி மூட்டம். முன்னால் இடப்பக்கம், மூன்று மைல் இருக்கும், ஒரு வெள்ளைப் படகு. ரேடாரில் புள்ளி தோன்றுகிறது, மறைகிறது. கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் அடையாளமும் கிடையாது. பைனாகுலரில் இரண்டு தலை தெரிந்தது, இரண்டும் அசையவே இல்லை. கேப்டனைக் கூப்பிட்டேன். ஆயுதக் காவலர்கள் பிரிட்ஜின் பக்கவாட்டு மேடைக்கு வந்து துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். அங்கே அசைவில்லை. எஞ்சின் அறையில் இருந்தவர்களை மேலே வரச் சொல்லியாயிற்று. கேப்டன் கப்பலைத் திருப்பச் சொல்லிவிட்டு ஹாரனை நீட்டி அடித்தார். ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் ஒரு கை எழுந்தது. தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள் பாவம்!

அந்தப் பக்கம் போய் எதுவும் நடக்காமல் வந்தவன் நான். ஆனால் அந்தச் சில நிமிஷம் எப்படிப் போனது என்பது கூட நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

லூமுட் பழைய கைதேர்ந்தவன்:

தம்பி, காவலர்கள் சுடாமல் பொறுத்தது நல்லது. ஆனால் கை எழுந்துவிட்டதே, ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2000 அக்டோபர் 12, ஏடன் துறைமுகத்தில் யுஎஸ்எஸ் கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் பக்கம் வந்த படகில் இருந்த இரண்டு பேரும் கையசைத்துக்கொண்டேதான் வந்தார்கள். படகு வெடித்து 17 மாலுமிகள் செத்தார்கள். கடற்புலிகளின் வெடிமருந்துப் படகுகளைப் பற்றி இங்கே யாராவது ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். அவற்றிலும் ஆள் இருந்தான். இப்போது ஆளும் வேண்டாம் என்றாகிவிட்டது, அதுதான் வித்தியாசம்.

நான் கடற்படையில் இருந்தபோது எங்களுக்குத் தலைவலி சோமாலியக் கொள்ளையர்கள். 2008 ஆகஸ்டில் பூங்கா மெலாத்தி டூவா, பூங்கா மெலாத்தி லிமா என்று நம் மலேசியக் கப்பல்கள் இரண்டைக் கடத்தினார்கள். அதன்பிறகுதான் ஓப்ஸ் ஃபஜார் என்று ஏடன் வளைகுடாவுக்குக் கப்பல் அனுப்பத் தொடங்கினோம். பூங்கா மாஸ் லிமா என்ற கன்டெய்னர் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்துக் கடற்படைத் துணைக் கப்பலாக மாற்றினார்கள். 2011 ஜனவரியில் கொள்ளையர்கள் ஏறிய பூங்கா லாரல் கப்பலை நம் கடற்படையின் சிறப்புப் படையான பாஸ்கல் வீரர்கள் மீட்டது அந்தக் கப்பலில் இருந்து போய்த்தான்.

அப்போதைய தடுப்பு முறை எல்லாமே ஒன்றை நம்பி இருந்தது: கொள்ளையனுக்கு உயிர் மேல் ஆசை உண்டு. முள்கம்பி சுற்று, ஹோஸில் தண்ணீரைப் பீய்ச்சு, துப்பாக்கியைக் காட்டு, தண்ணீரில் ஒரு எச்சரிக்கைச் சூடு. முக்கால்வாசிப் பேர் திரும்பிவிடுவான். மிஞ்சி ஏறிவிட்டால் ஆட்கள் எல்லாரும் சிட்டாடல் என்ற பாதுகாப்பு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆளில்லாப் படகிடம் இதில் எது செல்லும்? அதற்குப் பயம் இல்லை, பணயக்கைதியும் வேண்டாம். சிட்டாடல் பல கப்பல்களில் எஞ்சின் பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. படகு ஓட்டை போடுகிற இடமும் அதுவேதான். அதனால்தான் இப்போது இந்த மாதிரி ஆபத்துக்கு நீர்மட்டத்துக்கு மேலே, கப்பலின் நடுப்பகுதியில் கூடுங்கள் என்று சொல்லித் தருகிறார்கள்.

ஃபிட்டர் பிறை:

மேலே வரச் சொன்னார்கள் என்று செகண்ட் மேட் ஒரு வரியில் எழுதிவிட்டார். கீழே இருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா! செங்கடலில் போன என் கப்பலில் கூப்பிடவில்லை. எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் பழுதாகி நான் கீழேயே நின்றேன். காதில் அடைப்பான், சுற்றிலும் எஞ்சின் சத்தம். வெளியே என்ன வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. சுவரைப் பார்த்தே வேலை செய்தேன். அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் கடல்.

நிபோங் தெபால் பொறியாளர்:

பயம் நியாயம்தான். ஆனால் இந்தச் சாமானை ஏதோ மந்திரப் பொருள் மாதிரி பேசுவது எனக்கு ஒப்பவில்லை. மாணவர்களோடு சேர்ந்து குளத்தில் ஓடும் சிறு ஆளில்லாப் படகு செய்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் கிரிமியாவில் ரஷ்யக் கடற்படைத் துறைமுகமான செவஸ்தோபோல் கரையில் மர்மப் படகு ஒன்று ஒதுங்கியது நினைவிருக்கும். அதன் எஞ்சின் கடைகளில் விற்கும் ஜெட் ஸ்கீயின் எஞ்சின் என்று படங்களைப் பார்த்த நிபுணர்கள் சொன்னார்கள். பத்து பெரிங்கி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றுகிறார்களே, அந்த வகை. அக்டோபர் 29 அன்று அப்படிப்பட்ட படகுகள் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தன. பின்னால் வந்த உக்ரேனின் மகுரா வி5 படகு ஐந்தரை மீட்டர் நீளம், உச்ச வேகம் 42 நாட் (மணிக்கு 42 கடல் மைல்), சுமப்பது 320 கிலோ. விலை ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர் என்று சொல்கிறார்கள். மோதும் கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

வேலை செய்யும் விதம் எளிமையானது. செயற்கைக்கோள் வழியாகக் காட்சி கரைக்குப் போகும், எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து ஒருவர் ஓட்டுவார். உடல் தண்ணீரை ஒட்டிக் கிடப்பதால் ரேடாரில் அலையும் படகும் ஒன்றாகத் தெரியும். அலை இரைச்சலைக் குறைக்கிற திருகை ஏற்றினால் அலையோடு சேர்ந்து படகும் திரையிலிருந்து போய்விடும். குறைத்தால் திரை முழுக்கப் புள்ளி. செகண்ட் மேட் சொன்ன ‘தோன்றுகிறது, மறைகிறது’ இதுதான்.

ஆனால் பலவீனமும் நிறைய. பெரிய அலையில் திணறும். தொடர்பை அறுத்தால் தவிக்கும். இயந்திரத் துப்பாக்கிக்குச் சிதறும். தனியாக வந்தால் பெரும்பாலும் தீர்ந்தது. அதனால்தான் கூட்டமாக விடுகிறார்கள். 2024 பிப்ரவரி 1 அன்று இவானவெத்ஸ் என்ற ரஷ்ய ஏவுகணைக் கப்பலை ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடித்துத்தான் மூழ்கடித்தார்கள். அதே மாதம் 14 அன்று தரையிறக்கக் கப்பல் ட்சேசர் குனிக்கோவ். ரஷ்யா துறைமுக வாயில்களில் மிதவைத் தடுப்புப் போட்டது, முக்கியக் கப்பல்களை கிழக்கே நொவொரோசிஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்தியது. துரத்த ஹெலிகாப்டரை அனுப்பியது. உடனே உக்ரேனியர்கள் படகில் விமான எதிர்ப்பு ஏவுகணையை ஏற்றி, 2024 டிசம்பர் 31 அன்று ஹெலிகாப்டரையே வீழ்த்தினார்கள்.

கருத்து ஒன்றும் புதிதல்ல. 1917 அக்டோபர் 28 அன்று ஜெர்மானியர்கள் கரையிலிருந்து கம்பிச் சுருள் வழியாக இயக்கிய ஆளில்லா வெடிமருந்துப் படகு, பெல்ஜியக் கடலோரத்தில் எரிபஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மோதியது. கம்பி போய்ச் செயற்கைக்கோள் வந்திருக்கிறது.

ஜார்ஜ்டவுன் வழிகாட்டி:

பொம்மை வைத்த படகு என்றதும் எனக்கு எம்டன் ஞாபகம் வந்தது. மதராஸில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது. தன்னுடைய மூன்று புகைபோக்கியோடு நாலாவதாக ஒரு போலியை நட்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம். உள்ளே நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை டார்ப்பிடோவால் மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜெம்சுக்கின் கேப்டன் அன்றிரவு கரையில், ஹோட்டலில். வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அந்த மாலுமிகளுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது, நான் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதுண்டு. இது படகு அனுபவம் இல்லைதான், மன்னிக்கவும்.

ஏஜென்சி அக்கா:

கப்பல் முகவர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஃபிட்டர் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு தகவல். தொழிற்சங்க உடன்பாட்டுக்குக் கீழ் வரும் கப்பல் என்றால், போர்ப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்குள் போக மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் கம்பெனி செலவில் ஊர் அனுப்ப வேண்டும். போனால் அங்கே இருக்கும் நாட்களுக்குக் கூடுதல் படி உண்டு. கையெழுத்துப் போடும் முன் உடன்பாட்டுப் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மறுத்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்று பையன்கள் பயப்படுவதை தினமும் பார்க்கிறேன். 2025 ஜூலையில் மேஜிக் சீஸ், அடுத்த நாளே எடர்னிட்டி சி என்று ஹூதிகள் அடித்து, இரண்டு கப்பலும் மூழ்கிய வாரத்திலும் அதே பயம்தான். கப்பல் மூழ்கும் என்ற பயம் அதற்கு அப்புறம்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ராம்நாடு:

வணக்கம். நான் இப்போது கோலாலம்பூரில் உணவகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். இதற்கு முன் துபாயில் மீன்பிடிப் படகில் இருந்தேன். எல்லாரும் கப்பலில் இருந்து பார்த்ததை எழுதுகிறீர்கள். நான் படகில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

செகண்ட் மேட் அண்ணே, ராத்திரி முழுக்க வலை போட்டவன் மத்தியானம் அசையாமல்தான் கிடப்பான். வேறு எப்போது தூங்குவது? வெயிலுக்குத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவோம். பைனாகுலரில் பார்த்தால் பொம்மைதான்.

இன்னொன்று. கப்பல் எங்கள் வலை மேல் ஏறப் போகிறது என்று தெரிந்தால் நாங்கள் கப்பலை நோக்கித்தான் வேகமாக ஓட்டுவோம். வலை போனால் அந்த சீசன் போச்சு, முதலாளி சம்பளத்தில் பிடிப்பான். உங்கள் கண்ணுக்கு அது தாக்க வருகிற மாதிரி இருக்கும்.

2012 ஜூலை 16 அன்று ஜெபல் அலி பக்கத்தில் எங்கள் மாவட்டத்து ஆட்கள் போன படகை ஒரு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டது. ஒருவர் செத்தார், மூன்று பேருக்குக் காயம். எச்சரித்தும் படகு நிற்காமல் வந்தது என்றார்கள் அவர்கள். எச்சரிக்கையே வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். அதே வருஷம் பிப்ரவரி 15, கேரளக் கடலில் என்ரிகா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள் கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டார்கள். செத்த ஒருவர் கன்னியாகுமரி மாவட்டம். ஒன்பது வருஷம் வழக்கு நடந்து, 10 கோடி ரூபாய் நஷ்ட ஈட்டோடு 2021இல் முடித்தார்கள்.

அப்போதெல்லாம் ஆளில்லாப் படகு பேச்சே எங்கள் பக்கம் கிடையாது. அப்போதே இப்படி. இப்போது ஹூதிக்காரன் பொம்மைக்கு எங்கள் வேஷம் போட்டிருக்கிறான். அவன் ஒரு தடவை போட்டால் போதும், எந்தக் கடலிலும் எந்தச் சின்னப் படகையும் கப்பல்காரன் நம்ப மாட்டான்.

லூமுட் பழைய கைதேர்ந்தவன்:

ராம்நாடு தம்பி எழுதியது பயிற்சி வகுப்பில் சொல்ல வேண்டிய பாடம். நாங்கள் படித்ததில் இது இல்லை.

பாகான் செகண்ட் மேட்:

தம்பி, ஒன்று சொல்லுங்கள். மூன்று மைலில் நின்று பார்க்கும் எனக்கு, வலையைக் காப்பாற்ற வருகிறவன் எவன் என்று எப்படித் தெரியும்?

பிரிக்பீல்ட்ஸ் ராம்நாடு:

வலைக்காரன் உங்கள் கப்பலைக் குறிவைத்து வரமாட்டான் அண்ணே. உங்களுக்கும் வலைக்கும் நடுவில் வந்து குறுக்கே நிற்பான். சட்டையோ கைலியோ கையில் கிடைத்ததை ஆட்டுவான், ஒரு பக்கமாகக் கையைக் காட்டிக்கொண்டே இருப்பான். ராத்திரியில் டார்ச்சை உங்களைப் பார்த்து அடித்துவிட்டு அப்படியே வலை கிடக்கும் பக்கம் திருப்புவான். அந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். பகலில் மிதவையில் நட்ட கொடியைத் தேடுங்கள், பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் கொஞ்சம் திரும்பியதும் அவன் போய்விடுவான்.

லூமுட் பழைய கைதேர்ந்தவன்:

சரியாகச் சொன்னார். சீக்கிரமாகவே, தூரம் இருக்கும்போதே கப்பலை நன்றாகத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திரும்பிய பிறகும் அவன் தன் திசையைத் திருத்திக்கொண்டு உங்களையே பிடித்து வந்தால், அப்போது காவலரைக் கூப்பிடலாம்.

பிரிக்பீல்ட்ஸ் ராம்நாடு:

அதோடு அண்ணே, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால் எங்களுக்கு ஒரு மைலில் இருந்து ஏதோ கம்பு மாதிரித்தான் தெரியும். நீங்கள் கடைசியில் அடித்தீர்களே ஹாரன், அதை முதலிலேயே அடியுங்கள். தூங்குகிறவனும் எழுந்துவிடுவான்.