மேல்தாடை 5 மி.மீ. முன்னே, கீழ்த்தாடை 4 மி.மீ. பின்னே: மூக்கு விரியுமா, முகம் எவ்வளவு மாறும்?

நித்திலம்24

வணக்கம். வயது 24. கீழ்த்தாடை முன்தள்ளிய கடி. கீழ் முன்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்கின்றன. கிளிப் போட்டு 14 மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் சர்ஜரி. மேல்தாடையை லெஃபோர்ட் ஒன் முறையில் 5 மி.மீ. முன்னே கொண்டுவந்து, கீழ்த்தாடையை 4 மி.மீ. பின்னே தள்ளுவது திட்டம். மோவாயில் தனியாக எதுவும் இல்லை.

கடி சரியாகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முகத்தை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. மூக்கு ஏற்கெனவே அகலம். மேல்தாடையை நகர்த்தினால் இன்னும் விரியும் என்கிறார்கள். கீழ்த்தாடையைப் பின்னே தள்ளினால் ரெட்டை நாடி விழும் என்றும் கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டரில் காட்டிய படத்தில் உதடு வேறு யாருடையதோ போல இருந்தது. போதாததற்கு, கிளிப் போட்ட பிறகு தாடை முன்பைவிட நீண்டுவிட்ட மாதிரி தெரிகிறது. இதில் எது நிலைத்துவிடும், எது தானாகச் சரியாகும், எதைத் திட்டத்திலேயே மாற்றச் சொல்லிக் கேட்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாடைமுகம்

நித்திலம், எது மாறாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். லெஃபோர்ட் ஒன் வெட்டு, மூக்குத் துவாரத்தின் அடிமட்டத்தில், பல் வேர்களுக்கு மேலே படுக்கைவாட்டில் போகும். பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெஃபோர்ட் 1901-இல் முக எலும்பு முறியும் கோடுகளை மூன்றாக வகுத்தார். அவற்றில் ஆகக் கீழே இருப்பது இது. கண்குழி, கன்ன மேடு, மூக்குத்தண்டு, நெற்றி எதையும் இந்த வெட்டு தொடுவதில்லை. அதனால் கண்ணுக்குக் கீழே குழி இருந்தால் அது நிரம்பாது. மூக்குக்கு இரு பக்கமும் உள்ள பள்ளம் மட்டும் நிரம்பும்.

இனி மூக்கு. மேல்தாடையை அடைய மேலுதட்டின் உட்புறம், ஈறுக்கு மேலே கீறி, எலும்பிலிருந்து சதையை விலக்க வேண்டும். மூக்கு மடல்களை நடுவை நோக்கிப் பிடித்திருக்கும் தசைகளின் பிடி அப்போது விட்டுப்போகிறது. எலும்பும் முன்னே வந்து அடியிலிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து, எதுவும் செய்யாமல் விட்டால் மடல்களின் அடி 2 முதல் 3 மி.மீ. வரை விரியக்கூடும். நுனியும் லேசாக மேலே தூக்கும். துவாரங்கள் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். உங்கள் கவலை வீண் கவலை அல்ல.

இதைத் தடுக்கச் செய்வதுதான் சின்ச் தையல். இரு மடல்களின் அடியில் உள்ள நார்த்திசுவை உள்ளிருந்தே நூலில் கோத்து, நடுவை நோக்கி இழுத்து முடிச்சிடுவார்கள். வெளியே தழும்பு தெரியாது. பிசகு நடப்பது பெரும்பாலும் எவ்வளவு இழுப்பது என்பதில்தான். மயக்க மருந்துக் குழாய் மூக்கு வழியாகப் போயிருப்பதால் மூக்கு அப்போதே இழுபட்டிருக்கும். கண் மதிப்பில் இழுத்தால் இறுக்கம் போதாமலோ மிகுந்தோ போகும். அதிகம் இறுக்கினால் மூக்கடி குறுகி, மேலுதட்டின் நடுப்பகுதி பிதுங்கியது போலாகும். ஆகவே மூக்கில் குழாய் நுழையும் முன்பே மடலகலத்தைக் காலிபரால் அளந்து எழுதி வைத்து, முடிச்சிடும்போது அந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். சில மையங்களில் மூடும் கட்டத்தில் குழாயை மூக்கிலிருந்து வாய்க்கு மாற்றிவிட்டு இழுப்பார்கள். நூல் நாளடைவில் சற்றுத் தளரும் என்பதால், அளந்த எண்ணைவிட ஓரிரு மி.மீ. கூடுதலாக இறுக்குபவர்களும் உண்டு.

இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. மூக்கடியில் முள்போல் நீட்டியிருக்கும் எலும்பைச் சற்றுச் சீவினால் நுனி தூக்குவது குறையும். மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்பு, நகர்ந்து வரும் எலும்பில் முட்டுகிறதா என்று பார்த்து, முட்டினால் அடியில் கொஞ்சம் கத்தரித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் சுவர் வளைந்து மூக்கு ஒரு பக்கம் சாயும், மூச்சும் அடைக்கும். மேல்தாடையை மேலே ஏற்றும் திட்டங்களில் இது மிக முக்கியம். உங்களுக்கு நேராக முன்னே மட்டும் நகர்வதால் ஆபத்து குறைவு.

உதட்டைப் பற்றி: எலும்பு 5 மி.மீ. வந்தால் மேலுதடு அதே அளவு வராது. பாதியிலிருந்து முக்கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 3 மி.மீ. வரும். கீறலை நேர்கோடாக மட்டும் தைத்தால் உதடு உள்ளே சுருண்டு, சிவந்த பகுதி மெலிந்து தெரியும். நடுவில் வி வடிவத்தை ஒய் வடிவமாக்கி மூடும் தையல் இதற்காகத்தான். உங்கள் மேலுதடு இயல்பிலேயே மெல்லியதாக இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். கம்ப்யூட்டர் படத்தில் மிகவும் நம்பத்தகாத இடங்களே உதடும் மூக்கடியும்தான். எலும்பு எங்கே நிற்கும் என்பதை அது நன்றாகவே சொல்லும். சதை எப்படிப் படியும் என்பது வெறும் கணிப்பு.

பல்வரிசை

கிளிப் போட்ட பிறகு தாடை நீண்டதாகத் தெரிவது பற்றி: அது திட்டமிட்டே செய்யப்படுவது. தாடைகள் பொருந்தாதபோது பற்கள் தாமாகவே சாய்ந்து அந்தக் குறையை மறைக்கப் பார்க்கும். உங்கள் வகைக் கடியில் கீழ் முன்பற்கள் உள்ளே சாய்ந்திருக்கும், மேல் முன்பற்கள் வெளியே சாய்ந்திருக்கும். சர்ஜரிக்கு முன் இரண்டையும் எலும்பின் மேல் நிமிர்த்தி வைக்கிறோம். மறைந்திருந்த உண்மையான இடைவெளி அப்போது வெளியே வருகிறது. கீழ்த்தாடை வளர்ந்துவிடவில்லை. அப்படி நிமிர்த்தாமல் போனால் ஆபரேஷன் மேசையில் தாடையை நகர்த்துவதற்கு இடமே இருக்காது, 9 மி.மீ. தேவைப்படும் இடத்தில் 4 மி.மீ. நகர்த்திவிட்டு நிறுத்த வேண்டிவரும், முகத்தில் மாற்றமே தெரியாது.

இன்னொன்று. பல்லில் ஒட்டியிருக்கும் கிளிப்பே உதட்டை ஒன்றரை, இரண்டு மி.மீ. வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சர்ஜரிக்குப் பிறகு சில வாரங்கள் பற்களுக்கு நடுவே கடியைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் தகடும் (ஸ்பிளின்ட்), மேல், கீழ்ப் பற்களை இழுத்துப் பிடிக்கும் ரப்பரும் இருந்தால் இன்னும் தடிப்பாகத் தெரியும். இவையெல்லாம் கழன்ற பிறகுதான் உங்கள் உதட்டின் நிலையைச் சொல்ல முடியும். அதற்குமுன் உதட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ரெட்டை நாடி: எலும்பு பின்னே போகும், தோலும் சதையும் நாக்கும் அப்படியே இருக்கும். மிஞ்சுவது தாடைக்கு அடியில் சேரும். கீழ்த்தாடையை மட்டும் 9 மி.மீ. தள்ளியிருந்தால் அது உறுதியாகத் தெரிந்திருக்கும். நாக்குக்குப் பின்னால் உள்ள மூச்சுவழியும் சுருங்கி, குறட்டை வர வாய்ப்பு இருந்திருக்கும். அதனால்தான் 9-ஐ மேலே 5, கீழே 4 என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல திட்டம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மோவாய் நுனி எங்கே வந்து நிற்கும் என்று மட்டும் காட்டச் சொல்லுங்கள். தட்டையாகிறது என்றால் மோவாய் எலும்பைச் சில மி.மீ. முன்னே நகர்த்தும் ஜீனியோபிளாஸ்டியை அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு தனியாகவும் செய்யலாம்.

கோவை_அக்கா

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். தம்பிக்கு இதே மாதிரி ரெண்டு தாடையும் பண்ணி 19 நாள் ஆச்சு. வலது கன்னம் பெருசா, இடது சின்னதா இருக்கு. சிரிச்சா மேலுதடு அசையவே மாட்டேங்குது. கீழுதடு மரத்துப்போய் தடிச்சுட்டதா சொல்றான். பார்க்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "முகமே மாறிடுச்சே"ன்னு சொல்லிச் சொல்லி, அவன் ரூமை விட்டே வெளியே வர்றதில்ல. இது இப்படியே நின்னுடுமா?

வார்டு_சிஸ்டர்

நிற்காதுங்க அக்கா. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பகுதி நான்கு வாரத்துக்குள் வடியும். கடைசியாக மிஞ்சும் கொஞ்சம் வீக்கம் முழுசாகப் போக ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும். இரண்டு கன்னமும் ஒரே வேகத்தில் வடியாது. எந்தப் பக்கம் அதிகம் படுக்கிறாரோ அந்தப் பக்கம் காலையில் பெரிதாக இருக்கும். தலைக்கு இரண்டு தலையணை வைத்து, மல்லாந்து, உயரமாகப் படுக்கச் சொல்லுங்கள். ஐஸ் ஒத்தடம் முதல் இரண்டு நாளைக்குத்தான். 19-ஆம் நாளில் ஐஸ் வேலை செய்யாது. உப்பு அதிகமான சூப் பாக்கெட், ஊறுகாய்த் தண்ணீர் எல்லாம் குறையுங்கள். மெல்ல நடக்கட்டும், ஒரே இடத்தில் முடங்கிக் கிடந்தால் வீக்கம் தாமதமாகத்தான் வடியும்.

உதடு தடித்ததாகச் சொல்வது பெரும்பாலும் உணர்வுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு வீங்கின மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் சாதாரணமாக இருக்கும் அல்லவா, அதேதான். கீழ்த்தாடையைப் பிளக்கும் இடத்திலேயே கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் போகும் நரம்பு ஓடுகிறது, அது இழுபடும். எறும்பு ஊர்வது, சுருக்கென்று குத்துவது எல்லாம் நரம்பு திரும்புவதன் அடையாளம். மேலுதடும் கன்னமும் சில வாரங்களில் முதலில் வரும். கீழுதடும் மோவாயும் ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். சிலருக்கு மோவாயில் ஒரு சின்ன இடம் கடைசிவரை மந்தமாகவே இருந்துவிடும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் காபி, ரசம் எல்லாம் கையில் சூடு பார்த்துக் கொடுங்கள். மரத்த உதடு வெந்தாலும் தெரியாது.

சிரிப்பு விறைப்பாக இருப்பது, உதட்டுக்கு உள்ளே தசையை வெட்டித் தைத்திருப்பதாலும் வீக்கத்தாலும். சிரிப்பை இயக்கும் முக நரம்பு இந்த சர்ஜரியில் அடிபடுவது மிக அரிது. கண்ணை இறுக்கி மூட முடிகிறதா, இரண்டு புருவமும் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் டாக்டர் சரி என்றதும் கண்ணாடி முன் "ஈ", "ஊ" என்று மெதுவாக இழுத்துச் சொல்லும் பயிற்சி, வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று நான்கு வேளை.

எடையையும் பாருங்கள். நீர் ஆகாரத்திலேயே இருப்பதால் நாலைந்து கிலோ குறைவது சாதாரணம். வீக்கம் வடிந்ததும் கன்னம் ஒட்டிப்போய், "சர்ஜரிதான் முகத்தைக் கெடுத்தது" என்று நினைத்துக்கொள்வார்கள். சத்துமாவுக் கஞ்சி, வடிகட்டின பருப்புத் தண்ணீரில் நெய், தயிர் சேர்த்து அடித்த பழம், அரைத்த முட்டை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: குறைந்துகொண்டிருந்த வீக்கம் ஒரு பக்கம் திடீரென்று ஏறிச் சூடாக இருப்பது, காய்ச்சல், வாயில் சீழ் நாற்றம், கடி திடீரென்று மாறுவது, மூக்கிலிருந்து நிற்காமல் ரத்தம் வருவது. கடைசியாகச் சொன்னது இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வரலாம். காலைவரைக்கும் காத்திருக்கக் கூடாது.

வருகிற சொந்தக்காரர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று. இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம்.

தாடைமுகம்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது நித்திலத்துக்கும் பொருந்தும். செல்போனின் முன் கேமராவில், கை நீளத்தில் எடுக்கும் படத்தை நம்பாதீர்கள். அவ்வளவு அருகில் எடுத்தால் யாருக்குமே மூக்கு பெரிதாகவும் காது பக்கம் ஒடுங்கியும் விழும். பின் கேமராவை ஒன்றரை மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில் நிறுத்தி, ஒரே சுவர், ஒரே வெளிச்சத்தில் வேறொருவர் எடுக்கட்டும்: நேர், இரு பக்கவாட்டு, இரு முக்கால் பக்கம், சிரித்தபடி ஒன்று. சர்ஜரிக்கு முந்தைய வாரம், பிறகு 1, 3, 6, 12-ஆம் மாதம். இடையில் தினமும் எடுத்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

நித்திலம்24

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மூன்றாம் மாதம் நெருங்கிய உறவில் கல்யாணம், போட்டோவில் நிற்க வேண்டும். அடுத்து, எல்லாம் சரியாகச் செய்தும் பிறகு முகம் பழையபடி மாற வாய்ப்பு உண்டா?

பல்வரிசை

மூன்றாம் மாதத்தில் மிச்சமிருக்கும் வீக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். போகலாம். ஆனால் உங்கள் சொந்த நிச்சயதார்த்தம், பாஸ்போர்ட் படம் போன்றவற்றை ஆறு மாதத்துக்குப் பிறகு வையுங்கள்.

திரும்புவது பற்றி: வளர்ச்சி முடியாத வயதில் செய்தால் கீழ்த்தாடை மறுபடி முன்னே வரும், 24 வயதில் அந்தப் பயம் இல்லை. முதல் ஆண்டில் ஓரிரு மி.மீ. அசைவு இருக்கலாம், அதைக் கிளிப்பும் ரப்பரும் கொண்டு சமாளிப்போம். அதனால்தான் ரப்பரைச் சொன்ன மணிக்கணக்கில் மாட்ட வேண்டும். சாப்பிடக் கழற்றிவிட்டு மறந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. சிறிய கீழ்த்தாடையை நிறைய முன்னே இழுக்கும் சிகிச்சையில், குறிப்பாக இளம்பெண்களில், தாடை மூட்டின் குமிழ் கரைந்து மோவாய் மெல்லப் பின்வாங்குவது உண்டு. உங்கள் வகை அது அல்ல.

தாடைமுகம்

மூக்கைப் பற்றிக் கடைசியாக. ஒரு வருடம் கழித்தும் அகலம் உறுத்தினால் மடலடியைக் குறைக்கும் சிறு அறுவை உண்டு. அதற்குமுன் மூக்கில் கை வைக்கச் சொல்பவரிடம் போகாதீர்கள்; அடியிலிருக்கும் வீக்கத்தையும் சேர்த்து அளந்து வெட்டினால் பிறகு துவாரம் சுருங்கிவிடும். இரண்டு மூன்று வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: சின்ச் தையல் உண்டா, வி-ஒய் தையல் உண்டா, மூக்கடி முள்ளைச் சீவுவார்களா, மோவாய் எங்கே நிற்கும், உதட்டைத் தளர்த்தி வைத்திருக்கும்போது மேல் முன்பல் எத்தனை மி.மீ. தெரியும் (2 முதல் 4 வரை நல்லது). அட்மிட் ஆன மாலை, மடலகலத்தை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்களா என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.